தூரம் ஒன்று, நேரம் பல: விமானப் பயணக் கணக்கு எளிமையாக

டோக்கியோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு டிக்கெட் கையில் இருக்கிறது. ஜனவரி மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை 5 மணிக்குப் புறப்பாடு. அதே நாள் காலை 9.30-க்குப் போய்ச் சேரும் என்று போட்டிருக்கிறது. ஏறுவதற்கு ஏழரை மணி நேரம் முன்பே இறங்கிவிடலாம் போலிருக்கிறது! திரும்பும் டிக்கெட்டைப் பார்த்தால், நண்பகல் 12-க்குக் கிளம்பி மறுநாள் மாலை 4-க்குச் சேர்கிறது. கழித்துப் பார்த்தால் 28 மணி நேரம்.

இரண்டுமே உண்மையான பயண நேரம் இல்லை என்பது தெரிந்ததுதான். ஆனால் உண்மையான நேரம் எவ்வளவு, அது போகும்போது ஒன்றாகவும் வரும்போது ஒன்றாகவும் இருப்பது ஏன் என்று கேட்டால் பலர் சொல்வது, "பூமி சுத்துதில்ல, அதான்." இன்னும் சிலர் இணையத்தில் தூரத்தைத் தேடி எடுத்து, விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் என்று எங்கோ படித்ததை வைத்து வகுத்துப் பார்ப்பார்கள். விடை டிக்கெட்டோடு ஒட்டாது.

குழப்பத்துக்குக் காரணம் ஒன்றுதான். தூரத்தையும் நேரத்தையும் ஒரே மாதிரியான எண்களாக நினைத்துக்கொள்கிறோம். இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள தூரம் பூமியின் உருவத்தால் தீர்மானமாவது. இன்றும் நாளையும் அது அதேதான். பறக்கும் நேரம் அன்றைய காற்றையும், அன்று திறந்திருக்கும் வான்வெளியையும், விமான நிறுவனம் போட்ட அட்டவணையையும் பொறுத்தது. "அந்த ஊருக்கு எத்தனை மணி நேரம்?" என்பதற்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்பவர் ஒரு சராசரியைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

## எந்தத் தூரம்?

சாலையில் போனால் தூரம் என்பது வண்டி ஓடிய கிலோமீட்டர். ஆகாயத்தில் சாலை கிடையாது என்பதால் நேர்கோட்டுத் தூரம்தான் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். ஆனால் உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளை உண்மையான நேர்கோட்டால் இணைக்க வேண்டுமென்றால் பூமிக்குள் சுரங்கம்தான் தோண்ட வேண்டும். மேற்பரப்பை விட்டு விலகாமல் போகிற குறுகிய பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியை அதன் மையத்தின் வழியாகச் சரிபாதியாக வெட்டினால் மேற்பரப்பில் விழும் வட்டமே பெருவட்டம். எந்த இரண்டு ஊர்களை எடுத்தாலும் அவற்றைத் தொட்டுச் செல்லும் ஒரு பெருவட்டம் உண்டு. அந்த வட்டத்தில் சிறிய பக்கத்தின் நீளம்தான் இணையத்தில் 'தூரம்' என்று காட்டப்படுவது.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை டோக்கியோவில் விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இழுத்துப் பிடியுங்கள். இரண்டு ஊர்களும் ஏறத்தாழ 36, 38 பாகை வட அட்சரேகையில்தான் இருக்கின்றன. நூல் அந்த அட்சரேகையை ஒட்டி நிற்காது. வடக்கே வழுக்கி ஏறி, நடுவழியில் ஏறத்தாழ 49 பாகைக்குப் போய், அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளுக்குச் சற்றுத் தெற்கே போய் நிற்கும். அந்த நூலின் நீளம் சுமார் 8,270 கிலோமீட்டர். அட்சரேகையை ஒட்டியே கிழக்கு நோக்கிப் போயிருந்தால் 8,700-ஐத் தாண்டியிருக்கும்.

வடக்கே ஏறினால் தூரம் எப்படிக் குறையும்? அட்சரேகை வட்டங்கள் எல்லாம் ஒரே அளவு இல்லை. பூமத்திய ரேகையின் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். 60 பாகை அட்சரேகையில் அந்த வட்டம் கிட்டத்தட்ட பாதியாகச் சுருங்கிவிடுகிறது. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஏறி இறங்குவதில் கொஞ்சம் செலவானாலும், குறுக்கே கடப்பதில் அதைவிட அதிகம் மிச்சமாகிறது. தெற்கு அரைக்கோளத்தில் இதுவே தலைகீழாக நடக்கும்: சிட்னியிலிருந்து சிலியின் சான்டியாகோவுக்குப் போகும் விமானம் தெற்கே அண்டார்டிகா பக்கமாக வளைந்து போகும்.

இதைச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் பார்த்தால் விமானம் வேண்டுமென்றே ஊரைச் சுற்றுவது போலத் தெரியும். பல உலக வரைபடங்கள் 1569-ல் மெர்கேட்டர் உருவாக்கிய முறையில், அல்லது அதன் சாயலில் வரைந்தவை. திசைமானி காட்டும் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போகும் மாலுமிக்கு அவருடைய பாதை நேர்கோடாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் போட்ட படம் அது. அந்த வசதிக்காகத் துருவப் பக்கம் எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு பெரியது. அந்தப் படத்திலோ இரண்டும் அண்ணன் தம்பி போல நிற்கும். அதில் கோடு போட்டுத் தூரம் பார்ப்பதும், பாதை வளைகிறதே என்று சந்தேகப்படுவதும் வீண் வேலை.

அலகிலும் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. விமானத் துறையில் தூரத்தைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். சாலை மைல் 1,609 மீட்டர். 'ஐயாயிரம் மைல்' என்று எங்காவது பார்த்தால் அது எந்த மைல் என்று கவனியுங்கள். ஒரு கணக்கில் 8,047 கிலோமீட்டர், இன்னொரு கணக்கில் 9,260. ஊரின் எந்தப் புள்ளியிலிருந்து அளந்தார்கள் என்பதும் தளத்துக்குத் தளம் மாறும். டோக்கியோவின் இரண்டு விமான நிலையங்களில் ஹனேடா நகருக்கு அருகிலேயே இருக்கிறது; நரிடா சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டு தளங்கள் இரண்டு எண் காட்டினால் பெரும்பாலும் விஷயம் இவ்வளவுதான்.

இதுவரை பார்த்ததன் சாரம்: இணையம் காட்டும் தூரம் பெருவட்டத் தூரம். உருண்டையில் அதுதான் குறுக்குவழி. தட்டையான படத்தில் அது வளைவாகத் தெரியும்.

## பறக்கும் தூரம் ஏன் கூடுகிறது?

பெருவட்டத் தூரம் கணக்கில் வரும் தூரம். அதற்கு அங்குலம் பிசகாமல் எந்த விமானமும் பறப்பதில்லை. எதிர்காற்றை நோக்கித்தான் விமானம் மேலெழும்பும். ஓடுபாதை மேற்கைப் பார்த்திருந்து போக வேண்டிய ஊர் கிழக்கில் இருந்தால், எழும்பிய பிறகு அரைவட்டம் அடித்துத் திரும்ப வேண்டும். இறங்கும் இடத்திலும் மற்ற விமானங்களோடு வரிசையில் சேரக் கொஞ்சம் வளைய வேண்டும். நடுவே போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை காட்டும் வழிகள், ராணுவத்துக்கு ஒதுக்கிய பகுதிகள், இடிமேகங்கள். இவையெல்லாம் சேர்ந்து சில நிமிடங்களைக் கூட்டும்.

கடலுக்கு மேல் போகும் விமானங்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால், மற்றொன்றின் பலத்தில் குறிப்பிட்ட நேரத்துக்குள் எட்டக்கூடிய விமான நிலையம் பாதையில் எப்போதும் இருக்க வேண்டும். ஒரு காலத்தில் அந்த அவகாசம் வெறும் 60 நிமிடம். அதனால் இரண்டு எஞ்சின் விமானங்கள் பெருங்கடல்களில் கரையை ஒட்டிச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. எஞ்சின்களின் நம்பகம் கூடியதும் 1980-களில் அது 120 ஆகி, பிறகு 180 நிமிடமும் ஆனது. இன்று சில விமானங்களுக்கு அதற்கும் மேல் அனுமதி இருக்கிறது. அதனால் இந்த விதி பாதையை இப்போது அவ்வளவாக வளைப்பதில்லை.

உண்மையில் பெரிதாக வளைப்பது அரசியல். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குப் பெருவட்டப் பாதை ரஷ்யாவுக்கு மேலே போகிறது. சுமார் 7,800 கிலோமீட்டர், ஒன்பதரை மணி நேரப் பயணம். 2022 பிப்ரவரி கடைசியில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் ரஷ்யாவும் ஒன்றின் விமானங்களுக்கு மற்றொன்று வான்வெளியை மூடின. ஃபின்லாந்தின் விமானங்கள் வட துருவத்தைத் தாண்டியோ, தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ போகத் தொடங்கின. பயணம் ஏறத்தாழ 13 மணி நேரமாக நீண்டது. ஹெல்சிங்கியும் டோக்கியோவும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. தேடிப் பார்த்தால் தூரமும் அதே 7,800 என்றுதான் காட்டும். பனிப்போர்க் காலத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சோவியத் வான்வெளி மூடியிருந்த அந்த நாட்களில் ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் போன விமானங்கள் பலவும் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் போயின.

## வகுத்தல் கணக்கு எங்கே இடறுகிறது?

நெடுந்தூர ஜெட் விமானம் சுமார் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில் பறக்கும் என்பது சரிதான். அங்கே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால்வாசி அளவுதான். காற்று மெலிந்திருப்பதால் தடையும் குறைவு. அப்படியானால் இன்னும் வேகமாகப் போகலாமே? ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் தடை சட்டென ஏறுகிறது. அந்த உயரத்தில் குளிர் மைனஸ் 56 பாகை செல்சியஸ் வரை போகும். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர். பெரிய பயணிகள் விமானங்கள் அதில் 85 சதவீதம் அளவில் நிறுத்திக்கொள்கின்றன. கான்கார்டு என்ற பயணிகள் விமானம் அந்த எல்லையைத் தாண்டிப் பறந்தது. 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 53 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. எரிபொருளைக் குடித்துத் தீர்த்த அந்த விமானம் 2003-ல் ஓய்வு பெற்றுவிட்டது.

900 என்பது நடுவழி வேகம். ஏறுவதற்குக் கிட்டத்தட்ட 20, 25 நிமிடம், இறங்குவதற்கு அரை மணி நேரம் வரை பிடிக்கும். அப்போதெல்லாம் வேகம் குறைவு. இந்தச் செலவு 500 கிலோமீட்டர் பயணத்திலும் உண்டு, 15,000 கிலோமீட்டர் பயணத்திலும் உண்டு. அதனால்தான் குறுகிய தூரங்களில் வகுத்தல் கணக்கு கேலிக்கூத்தாகிறது: 500-ஐ 900-ஆல் வகுத்தால் 33 நிமிடம் வரும், டிக்கெட்டிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்.

ஓரளவு சரியான மதிப்பு வேண்டுமானால், பெருவட்டத் தூரத்தை 850-ஆல் வகுத்து, அதோடு 35 அல்லது 40 நிமிடம் சேருங்கள். டோக்கியோ, சான் பிரான்சிஸ்கோவுக்கு 10 மணி 20 நிமிடம் சொச்சம் வரும். முதலில் பார்த்த டிக்கெட்டின் உண்மையான நேரம் போகும்போது ஒன்பதரை, வரும்போது பதினொன்று; அது எப்படி என்பதைக் கடைசியில் பார்ப்போம். அந்த இரண்டுக்கும் நடுவில் இந்த மதிப்பு அழகாக உட்காருவதைக் கவனியுங்கள். அந்த இரண்டும் ஏன் பிரிந்து நிற்கின்றன என்பதுதான் இந்த விஷயத்தின் சுவையான பகுதி.

## காற்று

ஆற்றில் பரிசல் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். துடுப்புப் போடுபவரின் பலம் மாறவில்லை. ஆனால் நீரோட்டத்தோடு போனால் கரை வேகமாகப் பின்னால் ஓடும், எதிர்த்துப் போனால் மெதுவாக நகரும். தண்ணீரைப் பொறுத்த வேகம் வேறு, கரையைப் பொறுத்த வேகம் வேறு.

விமானத்துக்குத் தண்ணீரின் இடத்தில் காற்று. காற்றைப் பொறுத்து விமானம் போகும் வேகம் ஏர்ஸ்பீடு. இறக்கையைத் தாங்குவது இதுதான். தரையைப் பொறுத்த வேகம் தரைவேகம். ஊருக்கு எப்போது போய்ச் சேருவோம் என்பதைத் தீர்மானிப்பது இது. இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் 'கிரவுண்ட் ஸ்பீடு' என்று ஓடிக்கொண்டிருப்பது இரண்டாவது. ஏர்ஸ்பீடு 900, பின்னாலிருந்து தள்ளும் காற்று 150 என்றால் திரையில் 1,050 தெரியும். அதே காற்று எதிரே வந்தால் 750.

150 என்பது மிகைப்படுத்திச் சொன்னதல்ல. விமானங்கள் பறக்கும் உயரத்தில், பூமியின் நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் குறுகிய வேகமான காற்றாறுகள் உண்டு. இவற்றுக்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். வேகம் மணிக்கு 100, 200 கிலோமீட்டர் என்பது சாதாரணம். குளிர்காலத்தில் 300-ஐத் தாண்டுவதும் உண்டு. துருவப் பக்கக் குளிருக்கும் வெப்ப மண்டலச் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்துதான் இதற்குப் பலம் கிடைக்கிறது. குளிர்காலத்தில் அந்த வேறுபாடு கூடுவதால் காற்றும் முறுக்கேறுகிறது. ஒரே வழித்தடத்துக்கு ஜனவரி அட்டவணையும் ஜூலை அட்டவணையும் வேறு நேரம் காட்டுவதற்கு முக்கியமான காரணம் இது.

இதை முதலில் முறையாக அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஓயிஷி. 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் வேகத்தைத் தொலைநோக்கியால் தொடர்ந்து பார்த்துக் குறித்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று தன் அறிக்கையை, உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கி, ஆனால் பெரிதாகப் பரவாத எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். பாவம், அதனாலேயே யாரும் படிக்கவில்லை. 1944-ல் ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் இந்தக் காற்றில் மாட்டித் திணறிய பிறகுதான் வெளியுலகம் இதைப் பெரிதாகக் கவனித்தது.

இதன் பலம் எவ்வளவு என்று பார்க்க ஒரு நிகழ்வு போதும். 2020 பிப்ரவரி 8-ஆம் தேதி இரவு, கியாரா என்று பெயரிட்ட புயல் அட்லாண்டிக்கைக் கலக்கிக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் பறந்து போனது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டிய தூரம். ஒரு கட்டத்தில் தரைவேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியை மிஞ்சிவிட்டதா? இல்லை. காற்றைப் பொறுத்து அது வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. காற்று மொத்தமாக அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

அடுத்தது, பலரும் தடுக்கி விழும் இடம். போகும்போது காற்று தள்ளுகிறது, வரும்போது தடுக்கிறது, ஆக இரண்டும் கழிந்துபோகும் என்று தோன்றும். கழிவதில்லை. தூரம் 7,200 கிலோமீட்டர், ஏர்ஸ்பீடு 900 என்று வையுங்கள். காற்றே இல்லாவிட்டால் போக 8, வர 8, மொத்தம் 16 மணி நேரம். 100 கிலோமீட்டர் காற்று வீசினால் போகும் வேகம் 1,000, நேரம் 7 மணி 12 நிமிடம். வரும் வேகம் 800, நேரம் 9 மணி. மொத்தம் 16 மணி 12 நிமிடம். காற்றை 300 ஆக்கிப் பாருங்கள்: போக 6, வர 12, மொத்தம் 18. எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்கிறது, பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறது. அதனால் கெடுதல் எப்போதும் நன்மையை முந்திக்கொள்ளும்.

ஆனால் காற்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வீசுவதில்லை. அங்கேதான் பாதை வகுப்பவர்களுக்கு வாய்ப்பு. கிழக்கே போகும்போது காற்றாற்றைத் தேடிப் போய் அதற்குள் புகுவார்கள். மேற்கே வரும்போது அதைத் தவிர்த்து ஒதுங்குவார்கள். வட அட்லாண்டிக்கில் இதற்கென்றே கனடாவின் கேண்டர், பிரிட்டன் அயர்லாந்து பக்கத்தின் ஷான்விக் என்ற இரண்டு கட்டுப்பாட்டு மையங்கள் அன்றன்றைய காற்றைப் பார்த்து நாளுக்கு இருமுறை புதிய பாதைகளை வெளியிடுகின்றன. நேற்று போன பாதையில் இன்று போக மாட்டார்கள்.

இதன் உச்சத்தைப் பார்க்க டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகும் விமானத்தை எடுத்துக்கொள்ளலாம். 2016 அக்டோபர் வரை ஏர் இந்தியா அதை மேற்கே, அட்லாண்டிக் வழியாக இயக்கியது. பிறகு கிழக்கே, பசிபிக் வழியாகத் திருப்பியது. புதிய வழி சுமார் 15,300 கிலோமீட்டர். பழையதைவிட ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். பயண நேரமோ பதினான்கரை மணி நேரமாகக் குறைந்தது. வழி முழுக்கக் காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் ரகசியம். கூடுதல் தூரம், குறைந்த நேரம்! தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் சொல்பவர்களுக்கு இந்த ஒரு உதாரணத்தைக் காட்டினால் போதும்.

சுருக்கமாக: கிழக்கே போகும் பயணம் குறைவாகவும் மேற்கே வரும் பயணம் அதிகமாகவும் நேரம் எடுப்பதற்குக் காரணம் காற்று. நடு அட்சரேகைகளில் இது பெரிதாகத் தெரியும். வடக்கு தெற்காகப் போகும் பயணங்களில் அவ்வளவாகத் தெரியாது.

## அப்போது பூமியின் சுழற்சி?

விமானம் மேலே நிற்கும்போது பூமி கீழே சுழன்று ஊரை நெருக்கிக் கொண்டுவந்து தருகிறது என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. அதை உடைக்க இயற்பியலே வேண்டாம், டிக்கெட் போதும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அந்தரத்தில் நிற்கும் பொருளுக்குக் கீழே தரை கிழக்கு நோக்கி ஓடுமானால், மேற்கில் இருக்கும் ஊர்கள்தான் அதை நோக்கி வர வேண்டும். மேற்கே போகும் பயணம்தான் சீக்கிரம் முடிய வேண்டும். நடப்பது நேர்மாறு.

உண்மையில் வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, விமான நிலையத்தில் நிற்கும் விமானமும் அதே சுழற்சியில் இருக்கிறது. பூமத்திய ரேகையில் அந்த வேகம் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர். இருந்தும் நின்ற இடத்தில் எகிறிக் குதித்தால் அதே இடத்தில்தான் விழுகிறோம். சுழற்சிக்கு மறைமுகப் பங்கு ஒன்று உண்டு: வெப்ப மண்டலத்திலிருந்து துருவம் நோக்கி நகரும் காற்றைக் கிழக்குப் பக்கம் வளைத்து ஜெட் காற்றோட்டத்துக்குத் திசை கொடுப்பது அதுவே.

## டிக்கெட்டில் அச்சிட்ட நேரம்

டிக்கெட்டில் இருப்பது ஆகாயத்தில் இருக்கும் நேரம் அல்ல. வாயிலில் நிற்கும் விமானத்தின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகள் வைத்திருப்பார்கள். அவற்றை எடுத்துவிட்டு விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி கட்டை வைக்கும் கணம் வரை உள்ள நேரத்துக்கு பிளாக் டைம் என்று பெயர். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பின் வாயிலைத் தேடிப் போவது எல்லாம் இதில் அடக்கம். நெரிசலான நிலையங்களில் இதற்கே அரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

அதற்கு மேல் விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாகவும் சேர்த்துப் போடும். அமெரிக்காவில் அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தால் அது 'சரியான நேரம்' என்று கணக்காகும். அந்தக் கணக்கில் நல்ல பெயர் வாங்க எளிய வழி, அட்டவணையையே தாராளமாகப் போட்டுவிடுவது. "இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று விமானி பெருமையாக அறிவிக்கும்போது கைதட்டலாம், தவறில்லை. ஆனால் அந்த இருபது நிமிடத்தில் ஒரு பங்கு பல மாதம் முன்பே அட்டவணையில் ஒளித்து வைத்ததாக இருக்கலாம்.

## கடைசியில் கடிகாரம்

முதலில் பார்த்த அந்த விசித்திர டிக்கெட்டுக்கு வருவோம். புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி. சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி. இரண்டு வேறு கடிகாரங்களின் எண்களைக் கழித்ததால் வந்த குழப்பம்தான் அது.

உலகத்துக்குப் பொதுவான ஒரு கடிகாரம் உண்டு, யூடிசி என்பார்கள். ஒவ்வொரு ஊரும் அதிலிருந்து இத்தனை மணி நேரம் முன்னே அல்லது பின்னே என்று வைத்துக்கொள்கிறது. டோக்கியோ 9 மணி நேரம் முன்னே, சான் பிரான்சிஸ்கோ ஜனவரியில் 8 மணி நேரம் பின்னே. டோக்கியோவில் மாலை 5 என்றால் யூடிசி காலை 8. சான் பிரான்சிஸ்கோவில் காலை 9.30 என்றால் யூடிசி மாலை 5.30. இப்போது கழியுங்கள்: ஒன்பதரை மணி நேரம். திரும்பும்போது நண்பகல் 12 என்பது யூடிசி இரவு 8. மறுநாள் மாலை 4 என்பது டோக்கியோவிலிருந்து 9 கழிந்து யூடிசி காலை 7. ஆக 11 மணி நேரம். நடுவே பசிபிக்கில் சர்வதேச தேதிக் கோடு கடந்துபோவதால்தான் ஒரு பக்கம் நாள் திரும்பக் கிடைத்தது போலவும், மறுபக்கம் நாள் பறிபோனது போலவும் தெரிகிறது.

யூடிசி கணக்குப் போடவும் சோம்பலாக இருந்தால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. போகும் டிக்கெட்டையும் வரும் டிக்கெட்டையும் அப்படியே கழித்து, இரண்டு விடைகளையும் கூட்டுங்கள். மைனஸ் ஏழரையும் 28-ம் சேர்ந்தால் இருபதரை. உண்மையான நேரங்கள் ஒன்பதரையும் பதினொன்றும் சேர்ந்தாலும் இருபதரைதான். கடிகார வேறுபாடு ஒரு பக்கம் கூடி மறுபக்கம் கழிந்து மறைந்துவிடுகிறது. காற்றைப் போல ஏமாற்றுவதில்லை. அந்த இருபதரையைப் பாதியாக்கினால் அந்த வழித்தடத்தின் சராசரி கிடைக்கும்: 10 மணி 15 நிமிடம். தூரத்தை 850-ஆல் வகுத்துப் போட்ட மதிப்புக்கு மிக அருகில் வந்துவிட்டது.

இந்தக் குறுக்குவழி தவறும் இடம் ஒன்றே ஒன்று. சான் பிரான்சிஸ்கோ போன்ற ஊர்கள் மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பரில் பின்னே இழுக்கின்றன. டோக்கியோ அப்படிச் செய்வதில்லை. போவதும் வருவதும் அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னுமாக விழுந்தால், கூட்டுத்தொகையில் ஒரு மணி நேரம் பிசகும்.